அச்சுப் பூவும் அச்சு வாக்கியமும்

வாழ்த்து அட்டை செய்வதற்கான பொருள்களை விற்கும் கடையில் ஓர் அச்சுத் தொகுப்பு வாங்கினால், கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் ஒட்டிய அச்சுகள் கிடைக்கும். பெரிய பூ, சிறிய பூ, மொட்டு, இலை, கொடி. கூடவே சில வாக்கியங்களும் இருக்கும். அன்புடன் என்றோ, உன் நினைவாக என்றோ, விரைவில் நலம்பெறுக என்றோ பொருள்படும் ஆங்கில வரிகள் அவை. இந்த வரிகளுக்குக் கைவினையாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'சென்டிமென்ட்'. பூ அச்சு, இலை அச்சு, சென்டிமென்ட் அச்சு என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். உணர்ச்சிக்கும் ஓர் அச்சு உண்டு. மையில் தொட்டு அட்டையில் வைத்து அழுத்தினால் அது பதியும்.

தமிழில் இந்தச் சொல்லுக்கு வேறொரு வாழ்வு இருக்கிறது. திரைப்படத்தில் அம்மா சென்டிமென்ட், தங்கச்சி சென்டிமென்ட் என்கிறோம். கடைக்காரர் முதல் போணியைக் கடனாகத் தரமாட்டார், அதுவும் சென்டிமென்ட்தான். எல்லா இடத்திலும் அந்தச் சொல் குறிப்பது முன்பே செய்துவைத்த ஒன்றை. எடுத்து உரிய இடத்தில் வைத்தால் போதும், வேலை நடந்துவிடும். அட்டை செய்பவர்களின் வழக்கும் நம் சினிமா வழக்கும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

கையால் செய்த வாழ்த்து அட்டையை ஒரு பிரதியாக வாசிக்க முயலும் எனக்கு இந்தச் சொல்லே நுழைவாயில். இத்தகைய அட்டைகளைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, 'வீட்டில் சும்மா இருக்கிறவள் பொழுதைப் போக்குகிறாள்' என்பது. மற்றது பெண்ணியம் படித்தவர்களிடமிருந்து வருவது: பெண் கை தொட்ட எதுவும் எதிர்ப்புக் கலை என்பது. முதலாவது அட்டையைப் பார்ப்பதே இல்லை. இரண்டாவது அட்டையைக் கண்டதும் கும்பிட்டுவிடுகிறது. இரண்டுமே அதில் எந்த வேலையைக் கை செய்திருக்கிறது, எந்த வேலையைக் கடையில் வாங்கிய அச்சு செய்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. என் கேள்வி அதுதான். கையால் செய்த அட்டையில் கை எங்கே இருக்கிறது?

முதலில் வேலையைப் பார்ப்போம். அச்சைத் தாளிலிருந்து உரித்து, ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கட்டையில் ஒட்டி, மைப்பெட்டியில் மெல்லத் தட்டி, அட்டையில் நேராக வைத்து அழுத்தித் தூக்கினால் பூவின் கோட்டுருவம் விழும். அதற்குள் மார்க்கரால் நிறம் தீட்ட வேண்டும். ஆல்கஹால் கலந்த மார்க்கர் என்றால், அதில் கரையாத மையால்தான் கோடு பதித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் தீற்றிலேயே கோடு கலங்கி, பூ முழுவதும் கருத்துப்போகும். இதழுக்கு முதலில் வெளிர்நிறம். அது காய்வதற்குள், இதழ் மடங்கும் இடத்திலும் காம்பை ஒட்டிய இடத்திலும் அடர்நிறம். பிறகு மறுபடியும் வெளிர்நிற மார்க்கரை எடுத்து இரண்டும் சேரும் விளிம்பைத் தேய்த்துக் கரைக்க வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் பூ தட்டையாகத் தெரியும். ஒரு பூவின் பின்னால் இன்னொரு பூ வேண்டுமானால், முன்னால் நிற்க வேண்டிய பூவை முதலில் பதித்து, அதே வடிவத்தில் வெட்டிய துண்டுத்தாளால் அதை மூடி, அதன் மேலேயே இரண்டாவதைப் பதிக்க வேண்டும். தாளை எடுத்தால் இரண்டாவது பூ பின்னால் ஒதுங்கி நிற்கும்.

இன்னொரு முறையும் உண்டு, எனக்கு அது அதிகம் பிடிக்கும். மைப்பெட்டியே வேண்டாம். தண்ணீர் கலந்த மார்க்கரால் அச்சின் மீதே நேரடியாக நிறம் பூச வேண்டும்: இதழ் நுனியில் ரோஜா நிறம், நடுவில் மஞ்சள், காம்பில் பச்சை. பூசி முடிப்பதற்குள் முதலில் பூசியது காய்ந்துவிடும். அதனால் அச்சை வாய்க்கு அருகில் கொண்டுவந்து, கண்ணாடியைத் துடைக்குமுன் செய்வதுபோல 'ஹா' என்று ஒரு மூச்சு விட வேண்டும். அந்த ஈரத்தில் நிறம் மறுபடி இளகும். உடனே பதிக்க வேண்டும். இப்படிப் பதித்த எந்தப் பூவும் அடுத்த பூவைப் போல இருக்காது. அச்சு ஒன்றுதான். பூசிய அளவும் விட்ட மூச்சும் ஒவ்வொரு முறையும் வேறு.

ஆக, கோடு இன்னொருவர் வரைந்தது என்பதாலேயே இந்தப் பூவை நகல் என்று ஒதுக்கிவிட முடியாது. நிறத்தைப் பற்றி, வெளிச்சத்தைப் பற்றி, எது முன்னால் எது பின்னால் என்பதைப் பற்றி, எவ்வளவு விரைவு என்பதைப் பற்றி அவள் முடிவெடுத்திருக்கிறாள். யாப்பு முன்பே கிடைத்திருக்கிறது என்பதால் வெண்பா எழுதியவளை நாம் நகலெடுத்தவள் என்பதில்லை. ரோசிக்கா பார்க்கரும் கிரிசெல்டா போலாக்கும் 1981இல் வெளியிட்ட 'ஓல்ட் மிஸ்ட்ரஸஸ்' நூலில் கலைக்கும் கைவினைக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வை ஆராய்ந்தார்கள். செய்யும் முறையைவிட, எங்கே செய்யப்படுகிறது, யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதே அந்தப் படிநிலையைத் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் வாதம். சாப்பாட்டு மேசையில், பாத்திரம் கழுவிய பிறகு, நாத்தனார் மகளுக்காகச் செய்யப்படுவது கலை ஆவதில்லை.

இதுவரை நான் அட்டைக்காரியின் பக்கம். சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. இரண்டு மணி நேரம் பூவுக்குச் செலவிட்ட அதே கை, சென்டிமென்ட் அச்சை எடுத்துக் கறுப்பு மையில் ஒரு முறை தட்டிப் பதித்துவிட்டு எழுந்துவிடுகிறது. பூவில் ஏழு நிறம், சொல்லில் ஒரு நொடி. கையால் செய்த அட்டையில் கை தொடாத ஒரே பகுதி அந்த வாக்கியம்தான்.

இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வொர்செஸ்டர் நகரில் 1828இல் பிறந்த எஸ்தர் ஹவ்லண்டின் கதையைப் பாருங்கள். எழுதுபொருள் வணிகரின் மகள். 1847இல் மவுண்ட் ஹோலியோக்கில் படிப்பை முடித்தவர். இங்கிலாந்திலிருந்து வந்த காதலர் தின அட்டை ஒன்றைப் பார்த்து, இதைவிட நன்றாகத் தானே செய்யலாம் என்று மாதிரிகள் சில செய்தார். சகோதரர் வியாபாரப் பயணத்தில் அவற்றை எடுத்துச் சென்றார். 200 டாலருக்கு விற்றால் போதும் என்று எதிர்பார்த்த இடத்தில் 5,000 டாலருக்கு மேல் கேட்பு வந்தது என்று சொல்வார்கள். வீட்டு மாடியில் தோழிகளை வரிசையாக உட்காரவைத்தார். ஒருத்தி பூப்படத்தை வெட்டுவாள், ஒருத்தி பின்தாளை ஒட்டுவாள், அடுத்தவள் பூவை வைப்பாள், அதற்கடுத்தவள் சரிகைத் தாளைப் பொருத்துவாள். ஒரு வீட்டுக்குள், பெண்களே நடத்திய பட்டறை அது.

இந்தக் கதையைப் பெண் தொழில்முனைவின் வெற்றிக்கதையாகச் சொல்வது வழக்கம். அதில் தவறில்லை. எனக்கு வேறு இரண்டு செய்திகள் முக்கியம். முதலாவது, அவருடைய தொடக்ககால அட்டைகளின் பின்புறத்தில் சிவப்பில் 'எச்' என்ற சிறிய எழுத்து இருக்கும். ஹவ்லண்டின் எழுத்து. வெட்டியவளுக்கும் ஒட்டியவளுக்கும் எழுத்து இல்லை. இரண்டாவது, 1879இல் அவருடைய நிறுவனம் ஒரு செய்யுள் புத்தகம் வெளியிட்டது. அட்டைக்குள் இருக்கும் செய்யுள் பிடிக்காவிட்டால், புத்தகத்திலிருந்து வேறொன்றைத் தேர்ந்தெடுத்து அதன்மேல் ஒட்டிக்கொள்ளலாம். காதல் உங்களுடையது, சொல் பட்டியலிலிருந்து. இன்றைய சென்டிமென்ட் அச்சுக்கு முன்னோடி அந்தப் புத்தகம்தான். பெண்கள் செய்த, பெண்கள் வாங்கிய ஒரு பொருளில், பூவை இழை இழையாகச் செய்ய ஏற்பாடு இருந்தது. சொந்த வாக்கியத்துக்கு இருந்த ஏற்பாடு, அதற்குப் பதிலாக இன்னொன்றைத் தருவது. ஹவ்லண்ட் 1881இல் தொழிலை விற்றுவிட்டார். நோயுற்ற தந்தையைக் கவனிக்க வேண்டியிருந்தது என்கிறார்கள். தொழிலை நடத்திய மகளையும் பராமரிப்பு வேலை தேடி வந்தது.

பராமரிப்பு என்றதும் இன்னொரு கட்டுரையைச் சொல்ல வேண்டும். மானிடவியலாளர் மிகேலா டி லியோனார்டோ 1987இல் 'சைன்ஸ்' இதழில், வாழ்த்து அட்டைகளும் பண்டிகைகளும் நிறைந்த பெண்ணுலகைப் பற்றி எழுதினார். வடக்குக் கலிபோர்னியாவில் வாழ்ந்த இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்களிடையே அவர் செய்த களஆய்வு அது. உறவுகளைத் தொடர்பில் வைத்திருப்பது, அதாவது கடிதம், தொலைபேசி, பரிசு, அட்டை, விருந்து, யாரோடு பேச்சு அறுந்தது யாரோடு மறுபடி ஒட்டியது என்று நினைவில் வைத்திருப்பது எல்லாமே உழைப்பு என்றார். வீட்டுவேலையிலிருந்தும் குழந்தை வளர்ப்பிலிருந்தும் பிரித்து அதற்குத் தனிப்பெயர் வைத்தார். நாம் அதை உறவுப்பணி எனலாம். வயதுவந்த பெண் இல்லாத வீடுகளில் உறவுவலை மெலிந்துபோனதை அவர் கவனித்தார். உறவு தானாக நிற்கவில்லை, யாரோ நிறுத்திவைத்திருந்தார்கள்.

தமிழ் வாசகிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கைபேசி வருவதற்கு முன், மார்கழி கடைசியில் பொங்கல் வாழ்த்து அட்டை வாங்கியவர்கள் நினைவுபடுத்திப் பார்க்கலாம். கரும்பும் பானையும் போட்ட அட்டை யாருக்கு, நடிகர் படம் போட்ட அட்டை யாருக்கு, சாமி படம் யாருக்கு என்று பிரித்தது யார்? போன வருடம் அனுப்பாத வீட்டுக்கு இந்த வருடம் அனுப்பலாமா என்று யோசித்தது யார்? உறையில் 'புக் போஸ்ட்' என்று எழுதி, முகவரி எழுதி, தபால்தலைக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தது யார்? அவ்வளவும் செய்தபின் உள்ளே 'இப்படிக்கு' என்ற சொல்லுக்குக் கீழே அவள் கையெழுத்தில் விழுந்தது கணவர் பெயர், பக்கத்தில் 'மற்றும் குடும்பத்தினர்'. தன் கையாலேயே தன்னை 'மற்றும்' என்ற சொல்லுக்குள் அடக்கிக்கொண்டவர்கள் நம் அம்மாக்கள். நடுவிலிருந்த வாழ்த்து வரியோ அச்சகத்தில் அடித்தது.

இங்கே மறுபேச்சு ஒன்று எழலாம். எல்லோரும் கவிஞர்களா? துக்கத்திலும் மகிழ்ச்சியிலும் வழக்கமான சொல் ஒரு துணை. 'நல்லா இருங்க' என்பதை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஒப்பாரியும் தாலாட்டும்கூடக் கிடைத்த வாய்பாடுகளால் ஆனவைதான். ஆனால் ஒப்பாரி பாடும் பெண் அந்த வாய்பாட்டுக்குள் இறந்தவரின் பெயரை, தன் குறையை, பங்காளி செய்த வஞ்சனையை நுழைத்துவிடுகிறாள். அச்சுப் பூவுக்குள் மார்க்கர் நிறம் போவதுபோல வாய்பாட்டுக்குள் அவள் வாழ்க்கை போகிறது. சென்டிமென்ட் அச்சில் உள்ளே போக இடமில்லை. அது முழுக் கறுப்பாகப் பதிகிறது.

அலங்காரம் சொல்லுக்கு எதிரி என்று நான் வாதிடவில்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார். வகுப்பில் அதைப் பெரும்பாலும் பட்டியலாக மனப்பாடம் செய்யவைத்து விட்டுவிடுகிறோம். யார் பேச்சில் அந்தப் பட்டியல் வருகிறது? தோழி, செவிலித்தாயிடம் பேசுகிறாள். தலைவியின் மெலிவுக்குக் காரணம் காதல் என்ற செய்தியைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் வேறொருவனுக்கு மணம் பேசிவிடக்கூடும். இலக்கணம் இதை அறத்தொடு நிற்றல் என்கிறது. அன்று என்ன நடந்தது என்று சொல்லிவரும் வழியில் அவர்கள் பறித்துப் பாறையில் குவித்த பூக்கள் வருகின்றன, அதன்பின் அவன் வருகிறான். அவ்வளவு பூவும் கடினமான ஒரு பேச்சுக்குப் போகும் வழியில் இருக்கிறது. எழுதியவர் ஆண்தான், ஆனாலும் பூ அடுக்கும் வாயையும் உண்மை சொல்லும் வாயையும் ஒரே பெண்ணுக்குக் கொடுத்தார். நம் அட்டையில் பூ அந்த வழியில் பாதியோடு நின்றுவிடுகிறது.

அந்தப் பூக்களுக்குத் திணை உண்டு. கடையில் கிடைக்கும் அச்சுகளில் பியோனியும் பாப்பியும் ஹைட்ரேஞ்சியாவும் இருக்கின்றன. தும்பையும் ஆவாரையும் தேடினால் எளிதில் அகப்படாது. இறக்குமதிப் பூ கூடாது என்று சொல்ல வரவில்லை. பூவுக்கு முகவரி வேண்டும் என்கிறேன். மேரி டெலனி என்ற ஆங்கிலப் பெண், கணவரை இழந்தபின், தம் 72ஆம் வயதில், 1772இல், வண்ணத்தாளைத் துண்டு துண்டாக வெட்டிக் கறுப்புப் பின்தாளில் ஒட்டிப் பூக்களைச் செய்யத் தொடங்கினார். பத்தாண்டுகளில், பார்வை மங்கும்வரை, ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செய்து முடித்தார். இப்போது அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. செடியின் தாவரவியல் பெயர், வழக்குப் பெயர், செய்த நாள், செய்த இடம் ஆகியவற்றை அவர் குறித்துவைத்தார். தம் பெயரின் முதலெழுத்துகளையும் இட்டார். அவரும் மேசையில் உட்கார்ந்து தாளும் பசையுமாகப் பூச்செய்தவர்தான். வசதியும் அரசகுடும்பத்தின் நட்பும் அவருக்கு இருந்தன என்பது உண்மை. ஆனால் இது பொழுதுபோக்கு என்று யாரும் எளிதில் தள்ளிவிட முடியாமல் ஆக்கியதில், அவர் எழுதிவைத்த அந்தச் சில வரிகளுக்கும் பங்குண்டு.

பெண்கள் கல்லூரியில் 18 ஆண்டுகளாகத் தமிழ் நடத்துகிறேன். விழா என்றால் அட்டை செய்வதற்கு மாணவிகளை உட்காரவைப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. சிறப்பு விருந்தினருக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று, ஆசிரியர் தினத்துக்கு ஆளுக்கொன்று. சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, குறுக்கே வெட்டிய வெண்டைக்காய். வெண்டைக்காயைச் சாயத்தில் தொட்டுப் பதித்தால் ஐந்து இதழோடு ஒரு பூ விழும் என்பது நம் ஊரில் ஒன்றாம் வகுப்பிலேயே கற்ற வித்தை. அவர்கள் வகுப்பை விட்டுவிட்டு அதைச் செய்கிறார்கள். நன்றியுரையில் 'அழகாகச் செய்த மாணவிகளுக்கு' என்று ஒரு வரி வரும், பெயர் வராது. வொர்செஸ்டர் மாடியில் உட்கார்ந்த பெண்களின் வரிசை இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது.

அந்த வரிசையிலிருந்து ஓர் அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்னையர் தினத்தை ஒட்டி, முதுகலை மாணவி ஒருத்தி தன் அம்மாவுக்குச் செய்தது. அம்மா படிக்காதவர், விவசாயக் கூலி வேலைக்குப் போகிறவர். மகள் கடை அச்சு வாங்கவில்லை. அலுவலக மைப்பெட்டியில் அம்மாவின் கட்டைவிரலை வைத்து, வட்டமாக ஐந்து முறை பதித்திருந்தாள். ஐந்து இதழ். நடுவில் மஞ்சள் மார்க்கரால் ஒரு பொட்டு, கீழே பச்சையில் காம்பும் இரண்டு இலையும். இதழ்களில் ரேகை தொடர்ச்சியாக இல்லை. அங்கங்கே தேய்ந்து வெள்ளையாக இருந்தது. முகப்பில் 'ஹேப்பி மதர்ஸ் டே' என்றுதான் எழுதியிருந்தாள். உள்ளே இரண்டே வரி: 'போன சனிக்கிழமை ரேஷன் கடையில மூணு தடவ வச்சும் விழல. இதுல விழுந்திருக்கு பாரும்மா.'

கைநாட்டு என்பது தமிழில் ஒரு வசவு. எழுதத் தெரியாத பெண்ணிடம் அரசு கேட்கும் ஒரே கையெழுத்தும் அதுதான். வேலை செய்து தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காதபோது, அரிசிக்கு அவள் மறுபடியும் வரிசையில் நிற்கிறாள். அந்த விரலையே அச்சாக எடுத்துப் பூவாக்கியதோடு மாணவி நின்றிருந்தால், அழகான யோசனை என்று பாராட்டிவிட்டுக் கடந்திருப்பேன். அந்த இரண்டு வரிதான் அட்டையை வேறொன்றாக ஆக்குகிறது. அது வேறு எந்த அம்மாவுக்கும் அனுப்ப முடியாத வாக்கியம். அதில் அன்பு என்ற சொல்லே இல்லை. ஒரு சனிக்கிழமை இருக்கிறது, ஒரு கடை இருக்கிறது, மூன்று முறை என்ற கணக்கு இருக்கிறது. அம்மாவால் அதை வாசிக்க முடியாது என்பதால் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருக்கிறாள். தபாலில் போடும் அட்டைக்கு இல்லாத ஒன்று இதற்குக் கூடியது: சொல்லப்படும்போது இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தார்கள்.

இந்த அட்டையை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? நிறம் கலக்கும் நேர்த்தியில் இது கடைசியில் நிற்கும். கைவினைப் போட்டி நடுவர் காம்பு கோணல் என்று மதிப்பெண் குறைப்பார். நான் மதிப்பிடும் முறை வேறு. அலங்காரம் எந்தச் சொல்லுக்கு வழிவிடுகிறது என்று பார்ப்பேன். செய்தவளின் உழைப்புக்கு யார் பெயர் போடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பேன். அட்டையைத் திருப்பி, எந்த ஊரில் எந்த நாளில் செய்யப்பட்டது என்று தேடுவேன். கவிதைத் தொகுப்பை நான் படிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

மாணவிகளுக்கும் வீட்டில் அட்டை செய்யும் தோழிகளுக்கும் நான் சொல்ல விரும்புவது சிறியது. பூ அச்சை வைத்துக்கொள்ளுங்கள், மார்க்கரை வைத்துக்கொள்ளுங்கள். ஆல்கஹால் மார்க்கர் தாளின் மறுபுறம் ஊறிவிடும் என்பதால், பூவைத் தனித்தாளில் தீட்டி ஒட்டுவது உங்கள் வழக்கம். அப்போதுதான் உட்பக்கம் சுத்தமாக மிஞ்சும். அவ்வளவு கவனமாகக் காப்பாற்றிய அந்த வெற்றிடத்தில் அச்சு வாக்கியத்தைப் பதிக்காதீர்கள். பெறுபவருக்கு மட்டுமே பொருந்தும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். எழுத்துக் கோணலாக இருந்தால் இருக்கட்டும். குடும்பத்தினர் சார்பில் கையொப்பமிடாதீர்கள். பின்புறத்தில் உங்கள் பெயர், ஊர், தேதி, எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் குறித்துவையுங்கள். விழாவுக்கு 40 அட்டை வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்த மணிக்கணக்கை நாற்பதால் பெருக்கி அவரிடம் காட்டுங்கள்.